அவிநாசியில் பிடிபட்ட சுறா

அவிநாசியில் கடல் கிடையாது. ஆனாலும் சுறாவுக்கு இங்கே பஞ்சமில்லை. சிறுத்தை உண்டு, கழுகு உண்டு, தாமரை இலையும் உண்டு. எல்லாம் அட்டையில். விளையாட்டுச் சட்டையின் கழுத்துப் பட்டியில் பிளாஸ்டிக் ஊசி போட்டுத் தொங்கவிடுகிற அந்தச் சின்ன அட்டையில் உலகத்துக் காடும் கடலும் அடங்கிவிட்டன. ‘இயற்கையிடம் கற்றது’ என்று மேலே ஒரு வரி. அதன் கீழே பச்சை மையில் ஓர் இலை. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டவருக்கு மட்டும் தெரிகிற எழுத்தில், ‘100% பாலியஸ்டர்’.

இந்த ஊருக்குப் பாடம் எடுக்க வெளியூர் சுறா வரவேண்டியதில்லை. எங்களிடம் முதலையே இருந்தது. குளத்தில் குளித்த சிறுவனை அது விழுங்கியது. சில வருடம் கழித்து இந்த வழியாக வந்த சுந்தரர் பதிகம் பாடினார். முதலை கரையேறி, விழுங்கிய பிள்ளையை, இடைப்பட்ட வருடங்களின் வளர்த்தியோடு உமிழ்ந்துவிட்டுப் போனது. பக்கத்திலேயே திருமுருகன்பூண்டி. அங்கே பூதகணங்கள் வேடர் வடிவில் வந்து இதே சுந்தரரின் பொன்னைப் பறித்துக்கொண்டன. அவர் பாடியதும் பொன்னும் திரும்பி வந்தது. இந்த வட்டாரத்துத் தலபுராணங்களில் முதலைக்கும் வழிப்பறிக்காரனுக்கும்கூட ஒரு நாணயம் இருக்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அட்டையில் வந்த சுறா விழுங்கியது ஓர் ஆற்றை. அது இன்னும் கரையேறவில்லை. பாடியவர்களும் குறைவில்லை. அவர்கள் பாட்டு உயர்நீதிமன்றம் வரை கேட்டது.

முதலில் இந்தச் சுறா சட்டைக்குள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்கு முன்னால் ஸ்பீடோ நிறுவனம் ‘ஃபாஸ்ட்ஸ்கின்’ என்ற நீச்சலுடையைக் கொண்டுவந்தது. சுறாவின் தோலில் பல் போன்ற நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. அவை தண்ணீரின் இழுவையைக் குறைக்கின்றன. அதைப் பார்த்துத்தான் இந்தத் துணியை நெய்தோம் என்றார்கள். பத்திரிகைகள் சுறாவின் படத்தையும் வீரரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டன. உலகம் வாய் பிளந்தது. 2008-இல் அடுத்த உடை, எல்.இசட்.ஆர். ரேசர். இதில் பாலியூரித்தேன் தகடுகளை ஒட்டி உடம்பை இறுக்கினார்கள். பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் உலக சாதனைகள் வரிசையில் நின்று உடைந்தன. மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? அடுத்த வருடம் ரோமில் நடந்த உலகப் போட்டியில் முழுக்க ரப்பர் போன்ற உடைகள் வந்தன. ஒரே போட்டியில் 43 உலக சாதனைகள். நீந்துவது மனிதனா உடையா என்று சர்வதேச நீச்சல் சம்மேளனத்துக்கே சந்தேகம் வந்து, 2010 ஜனவரி 1 முதல் அந்த வகை உடைகளைத் தடை செய்தது.

இதன் உச்சக் காட்சி 2012-இல் வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லாடரும் யோஹன்னஸ் எஃப்னரும் உண்மையான சுறாத் தோலையும் கடையில் விற்ற ஃபாஸ்ட்ஸ்கின் துணியையும் எடுத்துத் தண்ணீரில் அசையவிட்டுச் சோதித்தார்கள். சுறாவின் தோல் வேகத்தைச் சுமார் 12 சதவீதம் கூட்டியது. துணியின் மேடுபள்ளத்தால் அப்படிச் சீரான பலன் எதுவும் கிடைக்கவில்லை. உடையால் நன்மை இருந்தால் அது உடம்பை இறுக்கிப் பிடிப்பதால் இருக்கலாம், சுறாவால் அல்ல என்று தெரிந்தது. பன்னிரண்டு வருடம் உலகம் முழுக்க நீந்திய அந்தச் சுறா, விளம்பரப் பலகையை விட்டு ஒரு நாளும் தண்ணீரில் இறங்கவேயில்லை.

இயற்கையைப் பார்த்துச் செய்வதே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. 1941-இல் நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்காயைப் பார்த்து ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் வெல்க்ரோவைச் செய்தார். அது ஒட்டுகிறது, பிரிகிறது, பொய் சொல்வதில்லை. மீன்கொத்தியின் அலகைப் பார்த்து ஜப்பானியர் ரயிலுக்கு மூக்கு வைத்தார்கள். சுரங்கப் பாதையில் எழுந்த இடிச் சத்தம் குறைந்தது. கற்றவர்கள் கற்றார்கள். என் கோபம், கற்றதாகச் சான்றிதழ் அச்சடித்துத் தொங்கவிடுகிறவர்கள் மேல்.

தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். இலை மேல் தண்ணீர் ஒட்டாது என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஏன் ஒட்டுவதில்லை என்பதை ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் நுண்நோக்கியில் பார்த்துச் சொன்னார். இலை முழுக்க மிக நுண்ணிய புடைப்புகள், அவற்றின் மேல் மெழுகு. துளி உருண்டு ஓடும்போது அழுக்கையும் எடுத்துக்கொண்டு போகிறது. அழகான கண்டுபிடிப்பு. உடனே மழைச்சட்டைக் கம்பெனிகளுக்குத் தாமரை மேல் பக்தி வந்தது. அந்தப் புடைப்புகளைத் துணியில் கொண்டுவருவது கடினம். ஃபுளோரின் கலந்த வேதிப்பொருளில் துணியை முக்கி எடுப்பது சுலபம். சுலபமானதைச் செய்துவிட்டுத் தாமரைப் படத்தைப் போட்டார்கள். இந்தப் பொருள்கள் மண்ணில் மக்குவதில்லை, தண்ணீரில் சிதைவதில்லை, மனிதர்களின் ரத்தத்தில் போய்த் தங்குகின்றன. கலிஃபோர்னியா 2025 முதல் துணிகளில் இவற்றைத் தடுத்துவிட்டது. பிரான்ஸ் 2026 முதல். தாமரை சேற்றில் முளைத்துச் சுத்தமாக நிற்கும். தாமரைச் சட்டையோ சுத்தமாகக் கடையில் தொங்கிக்கொண்டு சேற்றை அடுத்தவன் ஊரில் விட்டுவிட்டு வரும்.

அந்த அடுத்தவன் ஊர் எது என்பதைத்தான் அட்டையில் எந்த மூலையிலும் எழுதுவதில்லை.

நம் அரசுகளுக்கும் இந்தப் பக்தியில் பங்கு உண்டு. கொங்குநாடு பருத்தியை நம்பி எழுந்த நாடு. கரிசலில் விளைந்த பஞ்சு நூலாகி, நூல் பனியனாகித்தான் திருப்பூர் என்ற பெயர் கப்பலேறியது. 2021-இல் ஒன்றிய அரசு ஜவுளித் துறைக்கு 10,683 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. யாருக்கு? செயற்கை இழை ஆடைகளுக்கும் தொழில்நுட்பத் துணிகளுக்கும். பெட்ரோலியத்திலிருந்து பிறக்கிற இழைக்குப் பரிசு. அந்த இழையில் நெய்த சட்டையின் கழுத்தில் பச்சை இலை.

2023 பிப்ரவரியில் பிரதமர் ஒரு நீல நிறக் கையில்லாத மேல்சட்டை அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். தூக்கி எறிந்த பிளாஸ்டிக் பாட்டில்களை அரைத்து எடுத்த நூலில் செய்தது. துணி போனது நம் கரூரிலிருந்து. தொலைக்காட்சிகள் புல்லரித்தன. பாட்டில் குப்பைக்குப் போவதைவிடச் சட்டையாவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டிலைத் தயாரித்தவனிடம் ‘ஏனப்பா இத்தனை பாட்டில்?’ என்று கேட்க வேண்டிய கேள்வியை அந்தச் சட்டை போர்த்தி மூடிவிட்டது. அது துவைக்கத் துவைக்க நுண்ணிய பிளாஸ்டிக் பிசிறை உதிர்க்கும். பாட்டிலாக இருந்தால் பொறுக்கி எடுக்கலாம். பிசிறான பிறகு யார் பொறுக்குவது?

இனி ஆற்றுக்கு வருவோம்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். உப்பில்லாமல் சாயம் பஞ்சைப் பிடிக்காது. பிடித்த பிறகு உப்புக்கு அங்கே வேலையில்லை. போட்டது அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தையாவது வடிகட்டி எடுக்கலாம். கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. சாயப்பட்டறைத் தொழிலின் மொத்தச் சோகமும் இந்த உப்பில் இருக்கிறது. திருப்பூர் வளர வளர அந்த உப்பு நொய்யலில் இறங்கியது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அணை திறந்தார்கள். பாசனத்துக்கு என்று கட்டிய அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது. அணை நிரம்பினால் மாலை போட்டுப் பூத்தூவி வரவேற்பது நம் வழக்கம். ஒரத்துப்பாளையத்தில் மட்டும் ‘தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்’ என்று விவசாயிகள் கெஞ்சினார்கள். கிணறுகள் கெட்டன. தென்னை கருகியது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்றது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. தவணை கேட்டார்கள், தவணை வாங்கினார்கள், தவணைக்கும் தவணை கேட்டார்கள். 2011 ஜனவரி 28 அன்று உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. அதன் பிறகுதான் சவ்வூடு வடிகட்டலும் கொதிகலன் ஆவியாக்கலும் ஒழுங்காக வந்தன. இன்று முறையாக நடக்கிற நிலையங்கள் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீரை மீட்டு மறுபடி சாயத்துக்கே அனுப்புகின்றன. உப்பைப் பிரித்து அதையும் மறுபடி போடுகின்றன.

கவனியுங்கள். எடுத்த தண்ணீரை ஆவியாக்கு, குளிரவை, திரும்பப் பயன்படுத்து. கடலும் மேகமும் மழையும் செய்கிற வேலை. இந்தக் கொங்குநாட்டு ஜவுளித் தொழிலில் இயற்கையைப் பார்த்து உண்மையாகவே செய்த ஒரே வடிவமைப்பு இதுதான். இதைச் செய்தது பாரிஸ் வடிவமைப்பாளரோ போர்ட்லாண்ட் ஆய்வுக்கூடமோ அல்ல. வழக்குப் போட்ட விவசாயியும் உத்தரவு போட்ட நீதிபதியும் வேறு வழியில்லாமல் கடன் வாங்கிக் கட்டிய பட்டறைக்காரரும் சேர்ந்து செய்தது. எந்தச் சட்டையின் அட்டையிலாவது இதன் படம் உண்டா? ஆவியாக்கும் கொதிகலன் பார்க்க அழகாக இருக்காது. சுறாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பையிங் ஆபீஸ் மேடத்துக்கும் பனியன் கம்பெனி முதலாளிக்கும் காணொளியில் நடக்கிற பேச்சைக் கற்பனை செய்து பாருங்கள்.

“சார், இந்த சீசன் தீம் ‘நதி’. டிசைன் டீம் ரொம்ப எமோஷனலா பண்ணியிருக்காங்க. துணியில ஆத்தோட ஓட்டம் தெரியணும்.”

“பண்ணிக் குடுத்தர்லாமுங்க மேடம். எங்கூர்லயே ஒரு ஆறு இருக்குதுங்க.”

“ஓ, சூப்பர்! போட்டோ அனுப்புங்களேன், கேட்டலாக்ல போடலாம்.”

“அது வேண்டாமுங்க மேடம்.”

“ஓகே. பீஸுக்குப் பத்து சென்ட் குறைக்கணும் சார்.”

“சாயத் தண்ணி சுத்தம் பண்ற செலவே தாங்கலீங்க. அதையாவது தனியாப் போட்டுக் குடுங்க மேடம்.”

“அது எங்க சஸ்டெயினபிலிட்டி பாலிசிலயே இருக்கே சார்.”

“பாலிசில இருக்குதுங்க. பில்லுல இல்லீங்களே.”

“கஷ்டம்னா சொல்லுங்க சார், பங்களாதேஷ்ல இந்த ரேட்டுக்குத் தர்றாங்க.”

“ஏனுங்க மேடம், அங்கெல்லாம் ஆறு இல்லீங்களா?”

இதற்கு மேல் காணொளி இணைப்பு கிடைக்காது.

முதலாளியை இந்த இடத்தில் தியாகி ஆக்கிவிட வேண்டாம். மழை பெய்யும் இரவுகளில் ஓடையில் நிறம் மாறுவது எப்படி என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஒழுங்காகச் செலவு செய்கிறவர் விலையில் தோற்கிறார். ராத்திரியில் மதகைத் திறக்கிறவர் ஆர்டரை வாங்கிக்கொள்கிறார். ஒழுங்கானவரின் நிலையத்திலும் பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் குவிந்து கிடக்கிறது. அதற்கு என்ன வழி என்று அரசிடமும் பதில் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அந்தச் சுமையைத் தூக்கச் சொன்னது யாரை என்று நினைக்கிறீர்கள்? சுறாவையா?

அவிநாசி வழியாக ஓடும் நல்லாறு இன்னொரு சாட்சி. பெயரில்தான் நல்ல ஆறு. ஊர்ச் சாக்கடையையும் பட்டறைக் கழிவையும் சுமந்துகொண்டு அது நஞ்சராயன் குளத்துக்குப் போகிறது. அந்தக் குளம் பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலமாகவும் பட்டியலில் ஏறியது. எங்கெங்கிருந்தோ பறந்து வந்து இறங்குகிற பறவைகளுக்கு நாம் கொடுக்கிற வரவேற்புத் தண்ணீர் எது என்பதை அந்த அறிவிப்புப் பலகையில் எழுதவில்லை. அந்தப் பறவைகளின் இறகு வண்ணத்தில் ஓட்டச் சட்டை ஒன்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஈரநிலப் பாதுகாப்புக்கு ஒரு சதவீதம் என்று அதிலும் ஓர் அட்டை தொங்கும்.

சட்டையை விட்டுக் கட்டடத்துக்கு வந்தாலும் இதே நாடகம்தான். உடை மட்டும் வேறு.

உலகக் கட்டடக்கலை வகுப்புகளில் தவறாமல் வருகிற பெயர் ஹராரே நகரத்து ஈஸ்ட்கேட் வணிக வளாகம். 1996-இல் மிக் பியர்ஸ் வடிவமைத்தது. கரையான் புற்றைப் பார்த்துக் கட்டியது, ஏ.சி. இல்லாமலே குளிர்ச்சி என்று புகழ். கட்டடம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. தடித்த சுவர்கள் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கின்றன. இரவுக் காற்று அதைத் துடைத்து எடுக்கிறது. ஆனால் 2008-இல் ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் புற்றுகளை ஆராய்ந்து, கரையான் புற்று அப்படி வேலை செய்வதே இல்லை என்றார்கள். அது காற்றைச் சுழற்றிக் குளிரூட்டும் புகைபோக்கி அல்ல. மூச்சு மாற்றும் நுரையீரல். உள்ளே இருக்கும் வெப்பநிலை மண்ணின் வெப்பநிலையைத்தான் பின்தொடர்கிறது. ஆக, கட்டடம் சரி, புற்று பற்றிய கதைதான் தவறு.

தடித்த சுவரில் பகல் சூட்டை நிறுத்தி ராத்திரியில் விடுவதற்கு நாம் ஹராரே போக வேண்டுமா? இந்த வட்டாரத்துத் தொட்டிக்கட்டு வீடு என்ன செய்தது? மண் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு, நடுவில் வானம் பார்த்த முற்றம், முன்னால் நிழல் விழும் ஆசாரம். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறும். குளிர்ந்தது ஆசாரத்தில் தங்கும். சித்திரை வெயிலிலும் பாட்டன் அங்கே பாய் போட்டுப் படுத்து எழுந்தார். அதை ‘ஓட்டு வீடு’ என்று சொல்லிப் பொண்ணு கொடுக்க மறுத்தோம். ஜே.சி.பி. வைத்து இடித்தோம். அந்த இடத்தில் தளம் போட்ட பெட்டி ஒன்றைக் கட்டி, அறைக்கு ஓர் ஏ.சி. மாட்டினோம். இப்போது கட்டடப் பொறியாளர் வரவேற்பறைச் சுவரில் கரையான் புற்றின் படத்தைத் தொங்கவிட்டுப் பாடம் எடுக்கிறார். படத்துப் புற்று மடிக்கணினியில் இருக்கிறது. மனையில் நின்ற நிஜப் புற்றுக்குப் பால் ஊற்றி, முட்டை வைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாள் அதையும் நிரவிவிட்டார்கள்.

கோயம்புத்தூரின் அவிநாசி சாலையில் போய்ப் பாருங்கள். மேற்கு வெயிலுக்கு முகம் கொடுத்து நிற்கிற கண்ணாடிக் கட்டடங்கள். உள்ளே போர்வை போர்த்திக்கொள்கிற அளவுக்குக் குளிர். வெளியே சாலையில் நிற்கிறவன் மேல் அதன் சூடு. வாசலில் பசுமைக் கட்டடச் சான்றிதழ். 2010-இல் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கோவையில் நடந்தது. மேடையில் ஐந்திணை பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். அந்த மேடைக்கு விருந்தினர் வந்து சேர இதே சாலையை அகலப்படுத்தி மரங்களை வெட்டினார்கள். திணை கெட்டதற்கு ஒரு கருத்தரங்கமும் இல்லை. 2025 அக்டோபரில் அந்தச் சாலைக்கு மேலே 10 கிலோமீட்டர் மேம்பாலம் வந்தது. இனிப் பாலத்துத் தூண்களில் பிளாஸ்டிக் தொட்டி மாட்டிச் செடி வளர்க்க யாராவது திட்ட அறிக்கையோடு வருவார்கள். அதற்கும் ‘இயற்கையின் தூண்கள்’ என்று பெயர் வைப்பார்கள்.

ஊரைச் சுற்றி மனை விற்கிறவர்களின் தமிழைப் படித்திருக்கிறீர்களா? ‘மயில் அகவும் வனத்தில் உங்கள் இல்லம்.’ மயிலின் காட்டைப் பிளாட் போட்டு விற்றபின் மயிலுக்குப் போக்கிடம் ஏது? அது அங்கேயேதான் அகவும். அலறல் என்று நமக்குப் புரியவில்லை.

இந்த அங்கதத்தின் மிகக் கொடுமையான காட்சி தகரக் கொட்டகையில் நடக்கிறது. ‘சுவாசிக்கும் துணி’ என்று ஒரு வகை உண்டு. இலையின் நுண்துளையைப் பார்த்துச் செய்தது என்பார்கள். போட்டுக்கொண்டு ஓடினால் வியர்வை தங்காதாம். அந்தத் துணியை ஓவர்லாக் அடித்து, பிசிறு எடுத்து, செக்கிங் முடித்து, மடித்துப் பெட்டியில் வைக்கிறவர் யார்? தகரக் கூரைக்குக் கீழே ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். பீஸ் ரேட்டுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறவர். அவர் உடுத்தியிருப்பது சுவாசிக்காத நைலக்ஸ் புடவை. வேலை முடிந்து போய்ப் படுப்பது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட லைன் வீட்டில். பக்கத்து அறையில் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள், ஓர் அறைக்கு எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அரசாணை எல்லாத் துறைக்கும் போயிருக்கும். அந்தக் கூரைக்கு மேலே மட்டும் ஏறவில்லை. துணி சுவாசிக்க இத்தனை ஆராய்ச்சி செய்த உலகம், தைக்கிறவள் சுவாசிக்க ஒரு ஜன்னலுக்கு விலை கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறது.

இயற்கையைப் பார்த்துச் செய்த வேலை இந்த மண்ணில் இருந்ததே இல்லையா? இருந்தது. பவானி ஆற்றிலிருந்து நொய்யல் வரை பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் இருக்கிறது. வளைந்து நெளிந்து, நேர்கோட்டில் போனால் ஆகும் தூரத்தைவிட வெகு அதிகம் சுற்றி, நிலத்தின் சரிவு எங்கே கூட்டிக்கொண்டு போகிறதோ அங்கே போய்ப் பாசனம் செய்கிற வாய்க்கால். பாம்பு ஊர்ந்து வழி காட்டியது என்பது ஊர்க் கதை. எழுநூறு வருடத்துக்கு மேல் தண்ணீர் போகிறது. அந்தப் பாம்புக்குக் காப்புரிமையும் இல்லை, அட்டையும் இல்லை. இப்போது ஈரோட்டில் அந்த வாய்க்காலுக்குத் தோல், சாயக் கழிவுகள் வராமல் காக்கப் பக்கத்திலேயே ‘பேபி வாய்க்கால்’ என்று இன்னொன்றைக் கட்ட வேண்டியதாயிற்று. முன்னோர் தண்ணீருக்கு வழி வெட்டினார்கள். நாம் கழிவுக்கு வழி வெட்டுகிறோம்.

அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்துக்காக இந்த வட்டாரத்து மக்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி வாங்கினார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் தொடங்கியது. பவானியின் உபரி நீரைக் குழாயில் ஏற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்ப வேண்டும். நல்லது. பவானித் தண்ணீரைக் கோடிக்கணக்கில் செலவு செய்து மேலேற்றி இங்கே கொண்டுவருகிறோம். இங்கே இருந்த தண்ணீரைச் செலவில்லாமல் கெடுத்தோம். குளத்துக்கு வந்த புதுத் தண்ணீரையும் கெடுக்க மாட்டோம் என்று எந்தத் தொழிற்சங்கமாவது, ஏற்றுமதியாளர் சங்கமாவது, நகராட்சியாவது எழுதிக் கொடுத்திருக்கிறதா?

ஆகவே, இயற்கையிடம் கற்றோம் என்று அச்சடிக்கிற பெரிய கம்பெனிகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சுறாவின் தோலைப் பார்த்தீர்கள். சுறா கடலில் ஒரு வாளிச் சாயம்கூட ஊற்றாது என்பதைப் பார்க்கவில்லை. தாமரையின் மெழுகைப் பார்த்தீர்கள். அந்த இலை உதிர்ந்தால் அதே குளத்துக்கு உரமாகும் என்பதைப் பார்க்கவில்லை. இயற்கையின் உருவம் உங்களுக்கு வேண்டும், அதன் கணக்குவழக்கு வேண்டாம். கணக்கில்லாமல் எடுப்பதற்குக் கொங்குநாட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அது கற்றல் அல்ல.

செய்ய வேண்டியது ஒன்றும் ஆராய்ச்சி இல்லை. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவைப் பில்லில் தனி வரியாகப் போட்டுக் கொடுங்கள். பேரத்தில் அந்த வரி மேல் கை வைக்கக் கூடாது. எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது, அதன் தண்ணீர் எங்கே போனது என்பதை அட்டையில் போடுங்கள். இலைப் படத்தை எடுத்தால் இடம் கிடைக்கும். அரசு, ஊக்கத்தொகை கொடுப்பதற்கு முன் கலப்பு உப்புக்கு வழி சொல்லட்டும். தகரக் கூரைக்குக் கீழே வேலை வாங்கும் கட்டடத்துக்கு வெப்பக் கணக்குக் கேட்காமல் உரிமம் கொடுக்கக் கூடாது. கட்டடக் கலைஞர்கள் ஆப்பிரிக்கப் புற்றுக்குப் போவதற்கு முன் அன்னூர் பக்கம் இடிபடாமல் மிச்சமிருக்கிற ஒரு தொட்டிக்கட்டு வீட்டுக்குப் போய் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

வாசகரே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை கடையில் ஓட்டச் சட்டையைப் புரட்டும்போது சுறாவோ சிறுத்தையோ இலையோ போட்ட அட்டை கையில் வரும். கடைக்காரரிடம், கம்பெனியிடம், அவர்கள் இணையதளத்தில் இருக்கிற மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் சாயத் தண்ணீர் எந்த ஆற்றில் போனது? பதில் இல்லையென்றால் சட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.